கல்யாண நாள் நேரக் கணக்கு: போட்டோகிராபரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் பதினான்கு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிற வீட்டார் அடுத்த மூன்று மாதத்தில் போனில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், மத்தியானம் மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்கிற வழக்கமான கல்யாணத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சம்பிரதாயம் வேறாக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

அட்டவணையை எங்கே ஆரம்பிப்பது?

தாலி ஏறும் நிமிடத்தில் ஆரம்பித்துப் பின்னால் வர வேண்டும். எல்லோரும் "காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்" என்று முன்னாலிருந்து போட்டுக்கொண்டு போவார்கள், ஐந்து மணி ஆவதற்குள் அது கலைந்துவிடும். பத்திரிகையில் 7.30 முதல் 9.00 வரை என்று அச்சடித்திருப்பது ஒன்றரை மணி நேர முகூர்த்தம். அதற்குள் தாலி ஏறுவது எப்போது என்பது அய்யருக்குத்தான் தெரியும். ஒரு வாரம் முன்னால் அவருக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: தாலி கட்டுவது எத்தனை மணிக்கு, கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எத்தனை மணிக்கு. அவர் "எல்லாம் நேரத்துக்கு நடந்துரும், கவலைப்படாதீங்க" என்பார். விடாதீர்கள், ஒரு நேரத்தை வாங்கிக்கொண்டுதான் போனை வைக்க வேண்டும்.

அவர் 8.30 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண் புடவை மாற்றிக்கொண்டு மணவறைக்குத் திரும்ப வேண்டியது 8.20. புடவை மாற்ற 40 நிமிடம், ஆக 7.40க்குக் கூறைப்புடவை கைக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன் பெண் முதல் தடவை மணவறைக்கு வருவது 7.15, மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து பிள்ளையார் பூஜையும் காப்புக் கட்டுவதும் நடப்பது 6.45. பெண்ணைத் தனியாகப் படம் எடுக்க 20 நிமிடம், அதற்கப்புறம் ஒரு வேலையும் இல்லாமல் ஒரு 25 நிமிடம், ஆக அலங்காரம் 6.30க்கு முடிய வேண்டும். அலங்காரத்துக்கு இரண்டரை மணி நேரம், அப்படியென்றால் 4 மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும், மூன்றரைக்குக் குளியல். இப்போது முதல் நாள் ராத்திரிக்கு வாருங்கள். வரவேற்பு பதினொன்றரைக்கு முடிந்தால் அந்தப் பெண் நகையைக் கழற்றி, தலையில் குத்திய கொண்டை ஊசிகளை எடுத்து, முகம் கழுவிப் படுக்கப் பன்னிரண்டரை. மூன்று மணி நேரம் தூங்கிய கண்ணை எந்த மேக்கப்பும் மறைக்காது, என் லென்ஸுக்கு எல்லாம் தெரியும். எனவே காலை முகூர்த்தம் நன்றாக வர வேண்டுமென்றால் முதல் நாள் வரவேற்பைப் பத்தரைக்கு முடித்தாக வேண்டும்.

அந்த "ஒரு வேலையும் இல்லாத 25 நிமிடம்" எதற்கு? வீண்தானே?

ஒரு பெண்ணின் அப்பா என் அட்டவணையைப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்டார், பேனாவால் அடித்தும் விட்டார். அன்றைக்குக் காலையில் ஜடைக்குச் சொல்லியிருந்த பூ வர 20 நிமிடம் தாமதம். பெண் தனியாக நிற்கிற படம் அந்த ஆல்பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தில் ஏதாவது ஒன்று தாமதமாகும் என்பது உறுதி, எது என்பதுதான் தெரியாது. படம் எடுப்பதற்கென்று நீங்கள் நிறைய நேரம் ஒதுக்க வேண்டாம், சும்மா இருக்க நேரம் ஒதுக்குங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாமதமே வராமல் போனாலும் நஷ்டமில்லை. அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாட்டி வந்து திருஷ்டி கழிப்பாள், தம்பி வந்து கிண்டல் செய்வான், அம்மா தோசையைப் பிட்டு லிப்ஸ்டிக் கலையாமல் ஊட்டிவிடுவார். இதையெல்லாம் யாரும் திட்டமிட்டு நடத்த முடியாது.

எந்த முகூர்த்தம் படத்துக்கு நல்லது?

என்னைக் கேட்டால் 9.00 முதல் 10.30. ஆனால் தேதியும் நேரமும் ஜோசியர் பார்த்துக் குறிப்பது, நான் சொல்லி மாறப்போவதில்லை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தால் பிந்தியதை எடுங்கள். எல்லாக் கிழமையிலும் அது அமையாது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், புதன்கிழமை அதே நேரம் எமகண்டம், வியாழன் ஆறு முதல் ஏழரை எமகண்டம். ஞாயிறு காலையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, சொந்தக்காரர்களுக்கும் லீவு, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காமல் அலைவது அதனால்தான்.

4.30 முதல் 6.00 வரையான முகூர்த்தம் என்றால் மொத்தக் கல்யாணமும் இருட்டில்தான். தை மாதத்தில் திருச்சியில் சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும், ஆனியில் ஆறுக்கு முன்பே விடிந்துவிடும். ஆக ஒரே 6.00 – 7.30 முகூர்த்தம் ஆனியில் வெளிச்சத்திலும் தையில் பாதி இருட்டிலும் நடக்கும். பரவாயில்லை, விளக்கு இருக்கிறது. ஆனால் மண்டபத்து வாசலில், கோலத்துப் பக்கத்தில், வாழைமரத்தடியில் எடுக்க ஆசைப்படும் படங்களை அப்போது தாலி கட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கப்புக்கு நிஜமாகவே இரண்டரை மணி நேரம் வேண்டுமா? எங்கள் மேக்கப் அக்கா ஒன்றரை போதும் என்கிறார்.

அவர் சொல்வது முகத்துக்கு மட்டும். தலைமுடி, ஜடை, பூ, புடவைக் கட்டு, நகை, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை: அதே மேக்கப்காரர் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சித்திக்கும் சேர்த்துப் போடப்போகிறாரா? அப்படியென்றால் பெண்ணைக் கடைசியில் உட்கார வைக்காதீர்கள். நடுவில் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் ஒரு பத்து நிமிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். சித்திக்குப் போட்டு முடிக்கும் நேரத்தில் நான் பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மணமகள் அறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்டபங்களில் அந்த அறை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: கட்டில் முழுக்கத் துணி, தரையில் பெட்டிகள், யாரோ பாதி குடித்த காபி டம்ளர், கதவில் தொங்கும் துண்டு, சார்ஜரில் எட்டுப் போன். நான் வருவதற்கு முன்னால் ஜன்னல் ஓரமாக ஆறடிக்கு ஆறடி மட்டும் காலி செய்து வைத்தால் போதும், மொத்த அறையையும் ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை. தாலி, மெட்டி, மோதிரம், கூறைப்புடவை, பத்திரிகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒரு ஆளிடம் கொடுத்து வையுங்கள். தாலியைத் தனியாகப் படம் எடுப்பதைச் சில வீடுகளில் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள், அதை முதல் நாளே கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

கூறைப்புடவை மாற்ற அய்யர் பதினைந்து நிமிடம்தான் தருகிறார். முடியுமா?

முடியாது. முடிந்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அந்த நேரத்தில்தான் மணவறையில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறார், அய்யர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பெண்ணின் அப்பா அறை வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார், உள்ளே ஆறு பேர் ஆளுக்கொரு ஊசியைக் குத்துகிறார்கள். மடிசார் கட்டும் வீடு என்றால் ஒன்பது கஜம், கட்டத் தெரிந்த மாமி யார், அவர் அந்த நேரத்தில் பந்தியில் இருக்கிறாரா அறையில் இருக்கிறாரா என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

செய்யக்கூடியது இதுதான். கூறைப்புடவையின் மடிப்பை முதல் நாளே அயர்ன் செய்து எடுத்து வைத்துவிடுங்கள், ஆசீர்வாதத்துக்குத் தட்டில் வைக்கும்போது மடித்த நிலையிலேயே வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு ரவிக்கையும் ஒரே நிறமாக இருந்தால் ரவிக்கை மாற்றும் வேலை மிச்சம். ஒட்டியாணமும் நீள ஆரமும் முதல் புடவைக்கு வேண்டாம், இரண்டாவதற்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அறைக்குள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இத்தனையும் செய்தால் 30 நிமிடத்தில் வந்துவிடலாம், ஆனாலும் அட்டவணையில் 40 என்றே போடுங்கள்.

தாலி கட்டும்போது கூட்டம் மறைத்துவிடுகிறது. என்ன செய்வது?

என் தொழிலில் அதிகம் திட்டு வாங்கிய இடம் இது. கெட்டிமேளம் மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும், அதில் முதல் முடிச்சு விழுவது சில விநாடி. அந்தச் சில விநாடியில் நாத்தனார் பின்னாலிருந்து குனிகிறார், மாப்பிள்ளையின் சித்தப்பா போனைத் தலைக்கு மேல் தூக்குகிறார், வீடியோக்காரர் விளக்கோடு ஒரு எட்டு முன்னால் வருகிறார், நாலா பக்கமும் அட்சதை பறக்கிறது. நாங்கள் அய்யரின் கையையும் தவில்காரரையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அய்யர் கையைத் தூக்குவதற்கு முன்பே தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார், அதுதான் எங்களுக்கு மணி. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் ஆறடி காலியாக இருந்தால் போதும்.

அதை நான் கேட்டு வாங்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு வந்தவன் "கொஞ்சம் நகருங்க" என்றால் யாரும் நகர மாட்டார்கள், இரண்டு தடவை சொன்னால் கோபம் வேறு வரும். ஒவ்வொரு வீட்டிலும் அதட்டினால் ஊரே கேட்கிற ஒரு மாமா இருப்பார். அவருக்கு முதல் நாள் ராத்திரியே சொல்லிவையுங்கள்: "மாமா, கெட்டிமேளத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி மணவறைக்கு முன்னாடி யாரும் நிக்காம நீங்கதான் பாத்துக்கணும்." தாய்மாமனாக இருந்தால் இன்னும் விசேஷம், மணவறைப் பக்கத்திலேயே அவருக்கு வேலை இருக்கும். நிச்சயமாக நடத்திக்கொடுப்பார், பெருமையாகவும் இருக்கும். அட்சதையைத் தட்டில் கொண்டுபோய் வரிசை வரிசையாக நாற்காலியில் கொடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் மேடைப் பக்கமே வராது.

படம் சரியாக விழவில்லை என்றால் மறுபடி ஒரு தடவை தாலியைப் பிடிக்கச் சொல்வீர்களா?

மாட்டேன். மெட்டி போடுவதையும் மாலை மாற்றுவதையும் வேண்டுமானால் இன்னொரு தடவை கேட்பேன், அம்மியில் காலை வைத்தபடி ஒரு நொடி நிற்கச் சொல்வேன். தாலியைக் கட்டியது கட்டியதுதான். இதற்காகத்தான் இரண்டு கேமரா இரண்டு பக்கமும் நிற்கிறது.

வரவேற்பில் மேடையில் நிற்க எவ்வளவு நேரம் போட வேண்டும்?

இதை வாய்ப்பாடு தெரிந்தால் போட்டுவிடலாம். ஒரு குடும்பம் மேடை ஏறி, பரிசைக் கொடுத்து, கேமராவைப் பார்த்து, இறங்க 25 விநாடி. மேடைக்கு வருவது 250 குடும்பம் என்றால் 6,250 விநாடி, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம், இடையில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல். எம்.எல்.ஏ. வந்தால், அலுவலகத்திலிருந்து முப்பது பேர் கும்பலாக வந்தால், அதற்கு மேல். பத்திரிகையில் 6.30 என்று போட்டுவிட்டு மணமக்கள் மேடை ஏறுவது 7.45 என்றால், வரிசை வாசல் வரைக்கும் நிற்கும், முதலில் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்து யாராவது "நான் வந்திருந்தேனே" என்றால் ஆல்பத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

6.30 என்று போட்டால் 6.30க்கு ஏறுங்கள். அதற்கு மணமக்கள் இருவரும் 5.30க்கே தயாராக இருக்க வேண்டும், இடையில் உள்ள ஒரு மணி நேரம்தான் நீங்கள் இரண்டு பேரும் மட்டும் நிற்கிற படங்களுக்கு. முகூர்த்த நாளில் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது, அதை இப்போதே மறந்துவிடுங்கள். கார்த்திகை மாதக் கல்யாணம் என்றால் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மழையும் வரலாம், வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே தயாராகுங்கள். ஆனியில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும்.

அலங்காரக்காரர்கள் மேடையை ஆறு மணிக்குத்தான் முடிப்போம் என்கிறார்களே?

மண்டபம் கைக்கு வருவதே பல இடங்களில் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குத்தான். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்களிடம் சொல்லும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிச் சொல்லுங்கள். 5.30க்கு வேண்டும் என்றால் 4.30 என்று சொல்ல வேண்டும், அவர்களும் அது தெரிந்துதான் வேலை செய்கிறார்கள்.

அலங்காரத்தில் படத்தைக் கெடுப்பது மேடையில் வைக்கும் நீலமும் ஊதாவுமாக மாறி மாறி எரியும் பார் லைட். நேரில் பார்க்க அழகாக இருக்கும், படத்தில் அப்பாவின் பாதி முகம் நீலமாகவும் அம்மாவின் வெள்ளைப் பூ ஊதாவாகவும் விழும், அதைப் பின்னால் சரிசெய்யவும் முடியாது. பின்னணிக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் விழுவது ஒரே வெள்ளை அல்லது ஒரே மஞ்சளாக இருக்கட்டும். அதோடு, சில மலிவான எல்.இ.டி. விளக்குகள் கரண்டின் ஓட்டத்துக்கு ஏற்ப விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்குக் கேமரா திறந்திருக்கும் நேரத்தை, 1/100 விநாடிக்கு மேல் வேகமாக வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக விழும். முதல் நாள் மேடையில் விளக்கை எரியவிட்டுப் பத்துப் படம் எடுத்துப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

குடும்பப் படங்களை எப்போது எடுப்பது?

வரவேற்பு மேடையில் எடுத்தால் அது வரிசைப் படம், குடும்பப் படம் இல்லை. தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கி முடித்ததும் கூட்டம் மொத்தமும் டிபனுக்கு ஓடும். அந்த அரை மணி நேரம்தான். ஆனால் கூட்டத்தோடு சித்தப்பாவும் ஓடிவிடுவார் என்பதுதான் சிக்கல். ஒரு தாளில் பதினைந்து குழு எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் முதலில் போடுங்கள். அந்தத் தாளைப் பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று இரண்டு பேரிடம் கொடுங்கள், எனக்கு உங்கள் பெரியத்தை யார் என்று தெரியாது. கூப்பிட்டு வரும் ஆட்கள் கல்யாண வேலை எதுவும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பந்தி பார்க்கிறவரிடம் கொடுத்தால் போச்சு.

பந்தி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார், அப்பா தவறிவிட்டார், அவரும் நானும் மட்டும் இருக்கிற படம் ஏதாவது இருக்கிறதா அண்ணா என்று. மூவாயிரத்துச் சொச்சம் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா எங்கும் இருக்கிறார், சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் கைகூப்பிக்கொண்டு, மணவறையில் குனிந்து தாரை வார்த்துக்கொண்டு. மகளோடு தனியாக நிற்கிற படம் ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதிலிருந்து என் பட்டியலில் முதல் இரண்டு வரியை நானே எழுதிவிடுகிறேன்: பெண்ணும் அப்பாவும், மாப்பிள்ளையும் அம்மாவும். வரவேற்பு ஆரம்பிப்பதற்கு முன்னால், அவர்கள் சட்டை கசங்குவதற்கு முன்னால் எடுத்துவிடுகிறேன்.

கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் வரவேற்பு. நேரம் எப்படி?

கோயில் என்றால் கேமராவுக்கு அனுமதி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. கருவறைப் பக்கம் எங்கேயும் கிடையாது, மற்றபடி எந்த மண்டபம் வரை எடுக்கலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, கட்டணம் உண்டென்றால் கட்டி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யச் சொன்ன பிறகு பல இடங்களில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். பாட்டியை எங்கே விட்டோம் என்று உள்ளேயிருந்து போன் போட முடியாது, அதனால் யார் யார் எங்கே கூட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவையுங்கள். கடலூர் பக்கம் திருவந்திபுரம் மாதிரியான கோயில்களில் பெரிய முகூர்த்த நாளன்று ஒரே காலையில் நூற்றுக்கும் மேல் கல்யாணம் நடக்கும். அங்கே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடமும் நாலு சதுர அடியும்தான், அட்டவணை எல்லாம் அங்கே செல்லாது, அலங்காரத்தை முடித்துக்கொண்டு போய் நில்லுங்கள். அழகான படங்களைக் கோயில் வாசலுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு பேர் கொண்ட டீம் எதற்கு? ஒருவர் போதாதா?

இருநூறு பேர் வருகிற கல்யாணத்துக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் படம், ஒருவர் வீடியோ. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெருமுனையில் வரும்போது பெண்ணுக்கு மண்டபத்தில் அலங்காரம் நடந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. கேண்டிட் என்றும் ட்ரெடிஷனல் என்றும் தனித்தனியாக வைப்பதும் இதனால்தான். மேடைக்கு நேராக நின்று எல்லோரையும் வரிசையாக எடுப்பவரால் ஓரத்தில் கண்ணைத் துடைக்கும் அத்தையைப் பார்க்க முடியாது. இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு டீம் வைப்பது மட்டும் வேண்டாம். மணவறையைச் சுற்றி எட்டுக் கேமரா நின்றால் ஒவ்வொருவர் படத்திலும் மற்ற ஏழு பேர்தான் இருப்பார்கள்.

ட்ரோன்?

மண்டபத்துக்குள் வேண்டாம், மேலே சுற்றுவது மின்விசிறி, கீழே இருப்பது குழந்தைகள். வெளியே என்றால் ஊர்வலத்துக்குப் பத்து நிமிடம் நன்றாக இருக்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசின் வரைபடம் இருக்கிறது, விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

எங்கள் கல்யாணத்தில் அய்யர் கிடையாது. கணக்கு மாறுமா?

சுயமரியாதைத் திருமணம் என்றால் சடங்கு கொஞ்ச நேரம்தான், பேச்சு இரண்டு மணி நேரம். தலைமை தாங்குபவர் எந்தப் பேச்சாளருக்கு அப்புறம் தாலியை எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டு வையுங்கள், அது திடீரென்று நடந்துவிடும், கெட்டிமேளம் மாதிரி முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. தேவாலயக் கல்யாணத்தில் பீடத்துப் படி வரை போகலாமா, பிளாஷ் போடலாமா என்று ஃபாதரிடம் முதலிலேயே கேட்க வேண்டும், ஆளுக்கு ஆள் பதில் வேறு. நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும், அதைக் கடைசி வாரத்தில் சொன்னால் கிடைக்க மாட்டார்கள். கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் ராத்திரி முழுக்கச் சீர்ச் சடங்குகள் இருக்கும். அதற்கு ஒரே டீமைத் தூங்காமல் நிறுத்தாதீர்கள், இரண்டு ஷிப்டாகப் பேசிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாப்பாடு?

கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதில்லை. வரவேற்பு ஆரம்பிப்பதற்கு முன் ஆறு மணிக்கும், காலையில் மாப்பிள்ளை மணவறைக்கு வருவதற்கு முன் ஆறு மணிக்கும் நாங்கள் நால்வரும் சாப்பிட்டுவிட்டால் நல்லது. சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முதல் ஈடு இட்லியே கிடைக்கும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் எங்களுக்கு வருவது ரசமும் அப்பளத் தூளும்.

கல்யாணத்தைப் பதிவு செய்ய எந்தப் படம் வேண்டும்?

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள். ஆல்பம் அதற்குள் வராது. பத்திரிகையோடு சேர்த்துக் காட்ட மாலையும் தாலியும் தெரிகிற மாதிரி முகம் நேராக விழுந்த இரண்டு படத்தை அந்த வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாடு போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள், விசாவுக்கும் உதவும்.

எல்லாம் தாமதமாகிவிட்டது. எதை விடுவது?

முதலில் விட வேண்டியது மணமக்கள் இருவர் மட்டும் நிற்கிற படங்கள். அதை அடுத்த வாரம் முக்கொம்பிலோ கல்லணையிலோ காலை ஆறரைக்கு அதே புடவையில் வந்து எடுத்துவிடலாம், மறுவீடு முடிந்த பிறகு என்றால் முகத்தில் பதற்றமும் இருக்காது. நிறையப் பேருக்கு அந்தப் படங்கள்தான் நன்றாகவும் வந்திருக்கின்றன. அடுத்து விட வேண்டியது நகை, பத்திரிகை, செருப்பு மாதிரியான பொருள் படங்கள், அவை எங்கேயும் போய்விடாது. அதற்கப்புறமும் நேரம் பற்றவில்லை என்றால் நண்பர்கள் குழுப் படத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளுங்கள், நண்பர்கள் கடைசி வரை இருப்பார்கள். தாத்தா பாட்டி படத்தை மட்டும் தள்ளாதீர்கள். அவர்களுக்குப் பதினொரு மணிக்குக் கார் வந்துவிடும், மாத்திரை வேறு போட வேண்டியிருக்கும்.